அரிக்காத கம்பளி



இன்றைக்கு சுகர், பிரஷர், கொழுப்பு எதுவும் கிடையாது. ஒரு துணியின் வரலாறு பேசப் போறோம். இழை கொஞ்சம் நீளம். டீ போட்டு எடுத்துக்கிட்டு உட்காருங்க.

கூடப் படித்த தோழி ஒருவர் பெரு நாட்டுக்குச் சுற்றுலா போய்வந்து ஒரு ஸ்கார்ஃப் கொடுத்தார். குஸ்கோ நகரில் வாங்கியதாம். நம்ம ஊர் மஃப்ளர் மாதிரிதான், ஆனால் கையால் நெய்தது. அடர் சிவப்பு. நடுவில் நீளவாக்கில் ஒரு பட்டை, அது முழுக்க ஆறு வளைந்து வளைந்து ஓடுகிற மாதிரி வடிவம். இரண்டு முனையிலும் குஞ்சம். "அல்பாக்கா கம்பளி, கெச்சுவா பெண்கள் நெய்தது, பத்திரமா வச்சுக்கோ" என்றார்.

எனக்கும் கம்பளிக்கும் சின்ன வயதிலிருந்தே ஆகாது. ஸ்வெட்டர் போட்ட பத்தாவது நிமிடம் கழுத்தைச் சொறிய ஆரம்பித்துவிடுவேன். அதனால் நன்றி சொல்லி வாங்கி பீரோவில் வைத்துவிட்டேன். பிறகு ஒரு நைட் டூட்டியில் டூட்டி ரூம் ஏசி குளிர் தாங்காமல் இதை எடுத்துச் சுற்றிக்கிட்டேன். விடிந்து பார்த்தால் கழுத்து சுத்தமாக இருக்கு. ஒரு தடிப்பு இல்லை, அரிப்பு இல்லை.

ஏன்னு தேட ஆரம்பித்தேன். அந்தத் தேடல் ஐந்நூறு வருடம் பின்னாடி இழுத்துட்டுப் போயிடுச்சு.

முதலில் அரிப்பு. கம்பளி போட்டால் அரிப்பதைப் பலரும் அலர்ஜி என்று நினைக்கிறோம். பெரும்பாலும் அது அலர்ஜி இல்லீங்க, வெறும் குத்தல்தான். கம்பளி இழையின் தடிமன் சுமார் 30 மைக்ரானுக்கு மேல் போனால், தோலில் முட்டும்போது வளையாமல் விறைப்பாக நின்று நரம்பு முனைகளைக் குத்தும். அதற்குக் கீழே இருந்தால் இழை வளைந்து கொடுத்துவிடும். ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. நம் ரத்தச் சிவப்பணுவின் விட்டமே 7 முதல் 8 மைக்ரான்தான்.

நல்ல அல்பாக்கா இழை 20, 22 மைக்ரான் அளவில் இருக்கும். கடைகளில் "பேபி அல்பாக்கா" என்று எழுதியிருப்பதைப் பார்த்துப் பரிதாபப்படாதீங்க. குட்டியிடம் வெட்டியது என்று அர்த்தமில்லை. மெல்லிய இழைக்கு வணிகர்கள் வைத்த தரப்பெயர் அது.

அல்பாக்கா ஒட்டகக் குடும்பத்து விலங்கு. திமில் கிடையாது, செம்மறியாட்டை விடக் கொஞ்சம் பெரிசு, கழுத்து நீளம். ஆண்டிஸ் மலையில் கடல் மட்டத்திலிருந்து 4,000 மீட்டர் உயரத்தில், மரமே முளைக்காத புல்வெளியில் மேயும். அதே மலையில் விக்குன்யா என்ற காட்டு விலங்கு ஒன்று உண்டு. அதன் இழை வெறும் 12, 13 மைக்ரான். ஆறாயிரம், ஏழாயிரம் வருடங்களுக்கு முன் அந்த விக்குன்யாவைப் பழக்கி, தலைமுறை தலைமுறையாகப் பொறுக்கி வளர்த்ததில் உருவானதுதான் அல்பாக்கா. சுமை தூக்கும் லாமா வேறு. அது குவனாக்கோ என்ற இன்னொரு காட்டு விலங்கிலிருந்து வந்தது. 2001இல் வந்த மரபணு ஆய்வுதான் இந்த வம்சாவளியைத் தெளிவாக்கியது.

இனி சொல்லப்போறதுதான் என்னை உலுக்கிய விஷயம்.

தெற்கு பெருவில் எல் யாரால் என்று ஓர் இடம், பாலைவனப் பகுதி. அங்கே சுமார் ஆயிரம் வருடத்துக்கு முந்தைய வீடுகளின் தரைக்கு அடியில் லாமாக்களும் அல்பாக்காக்களும் புதைக்கப்பட்டிருந்தன. படையலாகக் கொன்று புதைத்தவை. மழையே இல்லாத மண் என்பதால் தோல், முடி, கண் இமை உட்பட அப்படியே காய்ந்து கிடந்தன. ஜேன் வீலர் என்ற ஆய்வாளர் அவற்றின் முடியை எடுத்து அளந்து பார்த்தார். சில அல்பாக்காக்களின் இழை சராசரி 18 மைக்ரான். அதைவிட ஆச்சரியம், எந்த இழையை எடுத்தாலும் கிட்டத்தட்ட ஒரே தடிமன். இன்றைக்கு இருக்கும் மந்தைகளில் அந்தச் சீர்மை இல்லை. மெல்லிய இழையும் முரட்டு இழையும் ஒரே உடம்பில் கலந்து வளருது.

அதாவது ஆயிரம் வருடத்துக்கு முன்னால் இருந்த ஆட்டிடையன் (அல்பாக்கா இடையன் என்று சொல்லணுமோ?) நம் காலத்தைவிடச் சிறந்த விலங்கை வளர்த்து வைத்திருந்தான். மைக்ரோஸ்கோப் இல்லை, எழுத்துகூட இல்லை. விரல் நுனியும் ஞாபகமும்தான்.

பிறகு எங்கே போச்சு அது?

இன்கா பேரரசில் துணிக்கு இருந்த இடத்தைச் சொன்னால்தான் இது புரியும். அங்கே நம்மைப் போல் காசு புழங்கவில்லை. ஒரு சிற்றரசனைத் தன் பக்கம் இழுக்கணுமா? துணி. போர் வீரனுக்குப் பரிசா? துணி. சூரியனுக்குப் படையலா? நல்ல துணியை நெருப்பில் இடுவார்கள். ஜான் முர்ரா என்ற மானுடவியலாளர் 1962இல் இதைப் பற்றியே ஒரு புகழ்பெற்ற கட்டுரை எழுதினார்.

துணியில் இரண்டு தரம் இருந்தது. சாதாரணக் குடும்பங்கள் அரசு மந்தையின் கம்பளியை வாங்கி அரசுக்காக நெய்து கொடுப்பது அவாஸ்கா. உயர்ந்த ரகம் கும்பி. அதை நெய்வதற்கென்றே ஊர் ஊராகப் பெண்களைத் தேர்ந்தெடுத்துத் தனி இல்லங்களில் வைத்திருந்தார்கள். அக்யா என்று பெயர். பரம்பரையாகக் கும்பி நெய்த ஆண்களும் இருந்தார்கள். குஸ்கோவில் அக்யா பெண்கள் இருந்த இடத்தில் இன்று ஒரு கத்தோலிக்கக் கன்னியர் மடம் நிற்கிறது.

1532 நவம்பர் 16 அன்று கஹாமார்க்காவில் பிஸாரோவின் ஆட்கள் இன்கா மன்னன் அதாவால்பாவைப் பிடித்தார்கள். தங்கத்துக்காக வந்தவர்கள். ஆனால் அவர்களோடு வந்த செயலர் ஹெரெஸ் எழுதிய குறிப்பில், கூரை வரை துணிமூட்டை அடுக்கிய வீடுகள் வருது. வேண்டிய மட்டும் அள்ளிக்கொண்ட பிறகும் குறைந்ததாகவே தெரியவில்லையாம். அதாவால்பா போர்த்தியிருந்த ஒரு சால்வை வௌவால் முடியால் ஆனது என்று இன்னொரு ஸ்பானியர் எழுதியிருக்கார். வௌவால் என்றதும் எனக்கு ரேபீஸ்தான் ஞாபகம் வருது. தொழில் வியாதி, மன்னிச்சிடுங்க.

ஆனால் பிஸாரோ வருவதற்கு முன்பே வேறொன்று வந்து சேர்ந்திருந்தது. 1520களின் நடுவில், அதாவால்பாவின் அப்பா வைனா காப்பாக் ஒரு கொள்ளைநோயில் இறந்தார். அது பெரியம்மை என்பது வரலாற்றாய்வாளர்கள் பலரின் கருத்து. ஐரோப்பியர்கள் கடற்கரையில் இறங்கினாலே போதும், அம்மை அவர்களுக்கு முன்னால் மலையேறிடும். எதிர்ப்பு சக்தியே இல்லாத மக்கள். அப்பா போனதும் பிள்ளைகளுக்குள் வாரிசுச் சண்டை. அந்தச் சண்டை ஓயும் நேரத்தில்தான் பிஸாரோ உள்ளே நுழைந்தார். அடுத்து தட்டம்மை, டைபஸ், மறுபடி அம்மை. நோபில் டேவிட் குக் என்ற வரலாற்றாசிரியர் போட்ட கணக்குப்படி, இன்றைய பெரு நிலப்பரப்பில் 1520இல் சுமார் 90 லட்சம் பேர். 1620இல் சுமார் 6 லட்சம்.

இந்த எண்ணைப் படித்ததும் கொஞ்ச நேரம் போனைக் கீழே வைத்துவிட்டேன்.

விலங்குகளுக்கும் அதே கதிதான். கராச்சே என்ற தோல்நோய். அது என்னன்னு பார்த்தால், நம்ம ஓபியில் தினமும் பார்க்கிற அதே சிரங்கு! ஸ்கேபீஸ். சார்காப்டிஸ் என்ற கண்ணுக்குத் தெரியாத உண்ணி, தோலுக்குள் குடைந்து முட்டையிடும். மனிதனுக்கு ஒரு வகை, விலங்குக்கு ஒரு வகை. கம்பளி அடர்ந்த மிருகத்துக்கு வந்தால் முடி கொட்டி, தோல் வெடித்து, மேய முடியாமல் சாகும்.

இந்த நோய் ஸ்பானியர் கொண்டுவந்த புதுச் சரக்கு இல்லை. ஏற்கெனவே மலையில் இருந்ததுதான். இன்கா காலத்தில் அதற்கு ஒரு சட்டமே இருந்தது: மந்தையில் ஒன்றுக்குக் கராச்சே வந்தால் வைத்தியம் பார்த்துக் கொண்டிருக்காதே, உடனே ஆழமாகப் புதைத்துவிடு. கொடூரமாகத் தெரியலாம். பெர்மெத்ரினும் ஐவர்மெக்டினும் இல்லாத காலத்தில், ஒன்றை இழந்து ஆயிரத்தைக் காப்பாற்ற வேறு வழியில்லை. பொது சுகாதாரத்தில் இன்றைக்கும் கால்நடை நோய்களுக்கு இதைத்தான் செய்கிறோம்.

மந்தைகளை நிறவாரியாகப் பிரித்து மேய்த்தார்கள். வெள்ளைத் தாய்க்குப் பழுப்புக் குட்டி பிறந்தால் அது பழுப்பு மந்தைக்குப் போயிடும். எண்ணிக்கை எல்லாம் கீப்பு என்ற முடிச்சுக் கயிறுகளில். எந்தக் கிடாவை எந்தப் பெட்டையோடு சேர்க்கணும், எதைச் சேர்க்கவே கூடாது என்பது இடையர் தலைக்குள் இருந்தது.

அம்மையில் அந்த இடையர் செத்தார். கீப்புக் கணக்கர் செத்தார். பிழைத்தவர்களைச் சுரங்கத்துக்கும் நெசவுப் பட்டறைக்கும் ஓட்டிக்கொண்டு போனார்கள். புதைக்கச் சொல்லும் சட்டத்தைச் செயல்படுத்த ஆளில்லை. 1544, 45 வாக்கில் கராச்சே மலை முழுக்கப் பரவியதாக கார்சிலாஸோ எழுதுகிறார். இன்கா இளவரசிக்கும் ஸ்பானியருக்கும் பிறந்தவர் அவர். கடைசியில் பன்றிக் கொழுப்பைப் பூசினால் கேட்குது என்று கண்டுபிடித்தார்களாம். இதற்குள் நல்ல மேய்ச்சல் நிலத்தை ஸ்பெயின் செம்மறிகள் பிடித்துக்கொண்டன. மிஞ்சிய அல்பாக்காக்கள் வேறு எதுவும் பிழைக்க முடியாத உயரத்துக்குத் தள்ளப்பட்டன. லாமாவும் அல்பாக்காவும் ஒரே பட்டியில் அடைந்து, பார்த்துப் பிரிக்க ஆளில்லாமல் கலந்தன. இன்றைய அல்பாக்காக்களில் பெரும்பாலானவற்றின் மரபணுவில் லாமா ரத்தம் இருக்கு. முரட்டு இழை அங்கிருந்துதான் வருதுன்னு வீலர் போன்றவர்கள் சொல்கிறார்கள்.

கொள்ளைநோயில் எத்தனை பேர் செத்தார்கள் என்று எண்ணத்தான் எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தாங்க. செத்தவர்கள் தலைக்குள் என்ன இருந்தது என்ற கணக்கு எந்தப் பாடப்புத்தகத்திலும் இல்லை.

சரி, துணிக்கு வருவோம். இழை கெட்டது, நெசவு எப்படித் தப்பித்தது?

முதலில் தறியைப் பாருங்க. இடுப்புத் தறி. ஒரு முனையை மரத்திலோ முளைக்குச்சியிலோ கட்டி, மறுமுனையை நெய்பவர் தன் இடுப்புப் பட்டையில் மாட்டிக்கொள்வார். பின்னால் சாய்ந்தால் பாவு இறுகும், முன்னால் குனிந்தால் தளரும். உடம்புதான் தறியின் பாதி. ஊடையை இறுக்க லாமா எலும்பில் செதுக்கிய ஒரு கூர்முனைக் கருவி, ரூக்கி. நூலைப் புஷ்கா என்ற தக்களியில் நடந்துகொண்டே நூற்பார்கள். வேலை முடிந்தால் எல்லாவற்றையும் சுருட்டி முதுகில் போட்டுக்கொண்டு மந்தையோடு போயிடலாம். பட்டறை வேண்டாம், முதலாளி வேண்டாம். அரசு நெசவு சரிந்த பிறகும் இது சரியாமல் போனதற்கு இது ஒரு காரணம்னு நான் நினைக்கிறேன்.

வடிவங்களுக்குப் பெயர் பல்லாய். கெச்சுவாவில் 'பொறுக்கி எடுப்பது' என்று பொருள். ஒவ்வொரு வரியிலும் எந்தப் பாவு நூலை மேலே தூக்கணும், எதை விடணும் என்று விரலால் பொறுக்குவார்கள். காகிதத்தில் வரைபடம் கிடையாது. எல்லாம் எண்ணிக்கையாக மனப்பாடம். சின்னப் பிள்ளைகள் ஹக்கிமா என்ற விரல் அகலப் பட்டையில் தொடங்கி, கை பழகியதும் இடைவாருக்கும் சால்வைக்கும் போவார்கள். என் ஸ்கார்ஃபில் இருக்கும் வளைந்த ஆற்றுக்கு மாயு கெங்கோ என்று பெயர்.

இந்த நெசவுக்கு நேரடியாகவும் ஆபத்து வந்தது. ஒப்ராஹே என்று ஸ்பானியர் நடத்திய நெசவுப் பட்டறைகள் கிட்டத்தட்ட சிறைகள். 1780இல் இரண்டாம் துபாக் அமாரு கலகம் தொடங்கியபோது அவர் ஆரம்பத்திலேயே செய்த வேலைகளில் ஒன்று, பொமகாஞ்சியில் இருந்த ஒப்ராஹேயைத் திறந்து துணிகளை மக்களுக்குப் பங்கிட்டது. அடுத்த வருடம் மே 18 அன்று குஸ்கோ சதுக்கத்தில் அவரைக் கொன்றார்கள். அந்தத் தீர்ப்பில் ஆளைக் கொல்வதோடு நிறுத்தவில்லை. இன்கா முறை உடை உடுத்தக்கூடாது, இன்கா மன்னர் படங்கள் இருக்கக்கூடாது, கெச்சுவா மொழியை ஒழித்து ஸ்பானிஷ் பேசணும் என்று எழுதினார்கள். ஆடையைக் கண்டு ஒரு பேரரசு பயந்த கதை இது.

மேலாடை மாறியது. பாவாடையும் தொப்பியும் ஸ்பானிய சாயலுக்குப் போச்சு. ஆனால் தோளில் போடும் யிக்யா சால்வையும், இடுப்பில் கட்டும் சும்பி வாரும், கோகா இலை வைக்கும் சுருக்குப்பையும் வீட்டுக்குள் நெய்யப்பட்டுக் கொண்டே இருந்தன.

கம்பளி தனியாகக் கடல் தாண்டியது. 1836இல் டைட்டஸ் சால்ட் என்ற ஆங்கிலேயர் லிவர்பூல் துறைமுகத்தில் கேட்பாரற்றுக் கிடந்த அல்பாக்கா மூட்டைகளைப் பார்த்தார். அதை ஆலையில் நூற்கும் வித்தையைப் பழகிப் பெரும் பணக்காரர் ஆனார். 1853இல் சால்ட்டெய்ர் என்று தன் பெயரில் ஒரு ஆலை ஊரே கட்டினார். பழைய இந்திய வக்கீல்களும் குமாஸ்தாக்களும் போட்ட கறுப்பு அல்பாக்கா கோட்டு இருக்கே, அது இந்த ஆலைத்துணி வகையறாதான்.

இங்கே ஒரு மருத்துவர் தாண்டிப் போக முடியாத ஆள் ஒருவர் வருகிறார், சார்லஸ் லெட்ஜர். பெரு அரசு அல்பாக்காக்களை உயிரோடு ஏற்றுமதி செய்யத் தடை போட்டிருந்தது. இவர் மலை வழியாகக் கடத்தி 1858இல் ஆஸ்திரேலியாவுக்குக் கொண்டுபோனார். அந்தத் திட்டம் படுத்துவிட்டது. பிறகு இதே ஆள் 1865இல் சின்கோனா விதைகளைக் கடத்தினார். ஆமாங்க, மலேரியாவுக்குக் கொயினைன் தந்த அதே மரம். ஜாவாவின் டச்சுத் தோட்டங்கள் உலகக் கொயினைன் சந்தையைப் பிடித்தது அந்த விதையால்தான். நல்ல மரத்தை அடையாளம் கண்டு விதை பொறுக்கிக் கொடுத்தவர் மானுவேல் இன்க்ரா மமானி என்ற பழங்குடித் தொழிலாளி. அவரைப் பிடித்துச் சிறையில் அடித்தார்கள், அந்தக் காயத்தில் இறந்தார். அந்த ரக மரத்துக்கு லெட்ஜர் பெயர்தான் இருக்கு.

இருபதாம் நூற்றாண்டை வேகமாகக் கடந்துடுறேன். 1975இல் கெச்சுவா ஆட்சிமொழி ஆனது. 1980இல் தொடங்கிய உள்நாட்டுப் போரில் சுமார் 69,000 பேர் இறந்ததாக உண்மை ஆணையம் 2003இல் மதிப்பிட்டது. அதில் நான்கில் மூன்று பேர் கெச்சுவா போன்ற பூர்வகுடி மொழி பேசியவர்கள். இன்னொரு பக்கம் அக்ரிலிக் நூலும் ரசாயனச் சாயமும் மலிவாக வந்து குவிந்தன. பிள்ளைகளுக்குத் தறியில் உட்காருவது வெட்கமாகிப் போச்சு.

இந்த நேரத்தில்தான் சின்சேரோ ஊரைச் சேர்ந்த நில்டா கயான்யாவ்பா என்ற நெசவாளர் 1996இல் குஸ்கோவில் பாரம்பரிய நெசவு மையத்தைத் தொடங்கினார். பத்து ஊர்களின் நெசவாளர்கள் அதில் சேர்ந்திருக்கிறார்கள். அவர்கள் செய்த வேலை எளிமையானது, அவசரமானது. ஊர் ஊராகப் போய் வயதான பாட்டிகளிடம் உட்கார்ந்து, விட்டுப்போன வடிவங்களையும் சாய முறைகளையும் கேட்டுப் பிள்ளைகளுக்குக் கற்றுக் கொடுத்தார்கள். பித்துமார்கா ஊரில், கிட்டத்தட்ட மறைந்துபோன திக்யா என்ற நெசவு இப்படித்தான் மீண்டது. பாவு நூலையே பாதியில் நிறுத்தி வேறு நிறத்தோடு கோக்கும் மிகச் சிக்கலான முறை அது.

என் ஸ்கார்ஃபின் சிவப்புக்கு வருவோம். அது கோச்சினியல். சப்பாத்திக் கள்ளியில் ஒட்டி வாழும் ஒரு பூச்சி. காயவைத்து நசுக்கினால் கார்மினிக் அமிலம். எம்பிபிஎஸ் இரண்டாம் வருடம் பேத்தாலஜி படித்தவர்களுக்கு மியூசிகார்மைன் சாயம் ஞாபகம் இருக்கா? அதே சரக்குதான்! பரீட்சைக்காக மனப்பாடம் செய்தபோது அது ஆண்டிஸ் மலைப் பூச்சி என்று யாரும் சொல்லலை.

இன்னொரு உண்மையையும் சொல்லிடணும். ஸ்கார்ஃப் என்ற வடிவம் அவர்களுடையது இல்லை. அவர்கள் மரபில் துணியை வெட்டவே மாட்டார்கள். தேவையான அளவுக்கே பாவு ஓட்டி, நான்கு பக்கமும் ஓரம் மூடி, முழுசாக நெய்து எடுப்பார்கள். குஞ்சம் தொங்கும் ஸ்கார்ஃப் நம்மைப் போன்ற வெளியூர்க்காரர் கழுத்துக்காக வந்தது. சிலர் இதைக் கலப்படம் என்று குறை சொல்வார்கள். எனக்கு அப்படித் தோணலை. பாட்டியிடம் கற்ற எண்ணிக்கையை வைத்துப் பேத்தி பள்ளிக் கட்டணம் கட்டினால் அந்த எண்ணிக்கை இன்னொரு தலைமுறை உயிரோடு இருக்கும்.

வாங்குவதாக இருந்தால் ஒரு சின்னச் சோதனை. சந்தையில் "அல்பாக்கா" என்று விற்பதில் நிறைய அக்ரிலிக். குஞ்சத்திலிருந்து ஒரு நூலை உருவிக் கொளுத்துங்க. பிளாஸ்டிக் வாடையோடு உருகிக் கெட்டி உருண்டையானால் அக்ரிலிக். முடி கருகும் வாடை வந்து, விரலில் நசுக்கினால் பொடியானால் விலங்கின் முடி. என்னுடையது பொடியாச்சு.

மனசு கேட்கலை. அடுத்த நாள் ஆஸ்பத்திரி லேபில் கூட்டம் குறைந்த நேரமாகப் பார்த்து, நூலைப் பிரித்து ஒரு ஸ்லைடில் வைத்து மைக்ரோஸ்கோப்பில் பார்த்தேன். பக்கத்தில் அளவுக்காக என் தலைமுடி ஒன்று. லேப் டெக்னீசியன் அக்கா "என்ன சார், யாருக்குப் படை?" என்றார். பெரும்பாலான இழைகள் என் முடியில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை, கண்ணாடி மாதிரி தெளிவு. அவற்றுக்கு நடுவே அங்கங்கே ஒன்றிரண்டு, நடுவில் கறுப்புக் கோடு ஓட, இரண்டு மடங்கு தடிமனாக விறைத்துக் கிடந்தன. எல் யாரால் அல்பாக்காவிடம் இல்லாத அந்த முரட்டு இழைகள்.

இப்போ தெரியுது, குஞ்சத்துக்குப் பக்கத்தில் ஓரிடத்தில் மட்டும் லேசாக் குத்துது.